அமெரிக்காவின் அபிலீன் மாட்டுச் சந்தை ஐந்தே ஆண்டில் முடிந்தது ஏன்?

பலரும் துப்பாக்கிச் சண்டைகளைத்தான் காரணம் காட்டுவார்கள். உண்மையில் உண்ணிக்கும் வேலிக்கும்தான் அதில் பெரிய பங்கு.

அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின் டெக்சாஸில் ஒரு மாடு சுமார் 4 டாலர். வடக்கே 40 டாலர் வரை போனது. அங்கே கொண்டுபோக ரயில் வேண்டும். அதனால் ஜோசப் மெக்காய் என்ற வியாபாரி 1867-ல் கேன்சஸின் அபிலீனில், ரயில் பாதையை ஒட்டிப் பட்டிகளும் எடைமேடையும் விடுதியும் கட்டினார். செப்டம்பர் 5-ம் தேதி 20 பெட்டிகளில் முதல் மாடுகள் கிளம்பின. டெக்சாஸிலிருந்து அபிலீனுக்கு மாடுகளை ஓட்டிவந்த சிஷோம் தடத்தில் மந்தைகள் நாளுக்கு 10–15 மைல்தான் நடக்கும். வேகமாக ஓட்டினால் இளைத்து விலை குறையும்.

சிக்கல், டெக்சாஸ் காய்ச்சல் என்ற மாட்டு நோய். டெக்சாஸின் நீள்கொம்பு மாடுகளுக்கு அதில் எதிர்ப்புச் சக்தி இருந்ததால் நோய் வெளியே தெரியாது. அவை மேய்ந்த புல்லில் உதிர்ந்த உண்ணிகளின் குஞ்சுகள் பிறகு உள்ளூர் மாடுகளில் ஏறும், அந்த உள்ளூர் மாடுகள் சாகும். உண்ணிதான் பரப்புகிறது என்பது 1890-களில்தான் உறுதியானது. டெக்சாஸ் மாடுகள் வரக்கூடாது என்று சட்டம் வகுத்த தடைப் பகுதிக்குள் அபிலீன் இருந்தும், அந்தத் தடை கண்டிப்பாக அமலாகவில்லை.

இதற்கிடையே குடியேறிய விவசாயிகள் நிலத்தை உழுது வேலி போட்டார்கள். 1872-ல் டெக்சாஸ்காரர்களை வேறிடம் போகச் சொல்லி அறிக்கையே விட்டார்கள். 1871-லேயே அபிலீனுக்குத் தெற்கே உள்ள நியூட்டன் ஊருக்கு இன்னொரு ரயில் பாதை வந்துவிட்டதால், மந்தைகளுக்குத் தெற்கிலேயே சந்தை கிடைத்தது.