லியோன்டீன் பிரைஸ்: அந்தக் கைத்தட்டல் யாருக்கு? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓபரா பாடகிகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில் லியோன்டீன் பிரைஸை இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த குரல்களில் ஒன்றாகச் சொல்லியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு இணையத்தில் கிடைத்த பதிவுகளைத் தேடிக் கேட்டேன். 1961இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் அவர் முதன்முதலாகப் பாடியபோது 42 நிமிடம் கைதட்டினார்கள் என்று எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கைத்தட்டல் அவர் குரலுக்கா, ஒரு கறுப்பினப் பெண் அந்த மேடையில் நின்றதற்கா? அவருடைய ஊரிலிருந்த வசதியான வெள்ளைக் குடும்பம் ஒன்றுதான் அவரைப் படிக்கவைத்தது என்றும் படித்தேன். அந்த ஆதரவு கிடைத்திராவிட்டால் அவர் யார்? இன்னொன்றும் சொல்ல வேண்டும். கர்நாடக இசை கேட்டு வளர்ந்த என் காதுக்கு அவருடைய மேல்ஸ்தாயி அலறலாகத்தான் படுகிறது. தவறாக எண்ண வேண்டாம்.

வி., மதுரை

அன்புள்ள வி.,

தவறாக எண்ண ஒன்றுமில்லை. கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது விளங்கினால் மற்றவற்றைப் பேசுவது எளிது.

ஓபராவில் மைக் கிடையாது. பிரைஸ் முதலில் பாடிய, மெட் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மெட்ரோபாலிட்டன் ஓபராவின் பழைய அரங்கில் 3,600 பேர் வரை அமரலாம். பாடகிக்கும் அவர்களுக்கும் நடுவே, மேடைக்கு முன்னுள்ள பள்ளத்தில், முழு இசைக்குழு உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருக்கும். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் குரல் எட்ட வேண்டும்; ஆனால் தொண்டை கிழியக் கூடாது. அதனால் சோப்ரானோ (உயர்ந்த பெண்குரல்) பாடகிகள் மேல்ஸ்தாயிக்குப் போகும்போது தாடையை நன்றாகத் திறந்து, வாய்க்கும் தொண்டைக்குமான அறையைப் பாடும் சுருதியோடு ஒத்திசையும்படி மாற்றிக்கொள்கிறார்கள். உடலே ஒலிபெருக்கியாகிவிடுகிறது. அதற்கு அவர்கள் கொடுக்கும் விலை சொல்லின் தெளிவு. உயரத்தில் எல்லா உயிரெழுத்தும் ஏறத்தாழ 'ஆ' போலவே கேட்கும். நீங்கள் அலறல் என்று சொல்வது பெரும்பாலும் இதுதான். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் கேட்டால் இன்னும் மோசமாகவே இருக்கும். நல்ல ஹெட்போனில், இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் 'அயிடா' ஓபராவில் மூன்றாம் அங்கத்தில் வரும் 'ஓ பாத்ரியா மீயா' பாடலை மட்டும் கேளுங்கள். எகிப்தில் சிறைப்பட்டிருக்கும் எத்தியோப்பிய இளவரசி நைல் கரையில் நின்று, இனி ஒருபோதும் பார்க்க முடியாத தன் நாட்டை நினைத்துப் பாடுகிறாள். பாடலின் முடிவருகே குரல் 'ஹை சி' என்னும் உச்ச சுரம்வரை ஏற வேண்டும். அது மென்மையாகவும் இருக்க வேண்டும். பல பாடகிகள் அந்த இடத்தைத் தாண்டினால் போதும் என்று பாடுவார்கள். பிரைஸ் அங்கே போய் நின்று, ஒலியை விரித்து, மெதுவாகக் கீழே இறங்குவார். கீழ்ஸ்தாயியில் அவர் குரலில் ஒரு கருமையான கனம் உண்டு. அதே குரல் மேலே போகப் போக ஒளி கூடிக்கொண்டே வரும். இந்த இரண்டும் ஒரே சாரீரத்தில் அமைவது அரிது.

இனி அந்த வெள்ளைக் குடும்பம். லாரல், மிசிசிப்பி மாநிலத்தின் மர அறுவை ஆலை ஊர். பிரைஸ் அங்கே 1927இல் பிறந்தார். தந்தை ஆலைத் தொழிலாளி, தாய் மருத்துவச்சி. தாய் தேவாலயக் குழுவில் பாடியவரும்கூட. மகளுக்கு பியானோ வேண்டும் என்று வீட்டிலிருந்த கிராமபோனை முன்பணமாகக் கொடுத்துவிட்டார்கள். ஒன்பது வயதில் மகளை ஜாக்சன் நகருக்கு அழைத்துப்போய் கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சனின் கச்சேரியைக் கேட்கவைத்தார் தாய். நீங்கள் சொல்லும் வெள்ளைக் குடும்பம், சிஸம் குடும்பம், உதவியது உண்மை. பிரைஸின் அத்தை அந்த வீட்டில் பணிப்பெண். ஜூலியார்ட் இசைக்கல்லூரியில் உதவித்தொகை போக மீதிச் செலவின் பெரும்பகுதியை எலிசபெத் சிஸம் ஏற்றார். பிரைஸ் அதை ஒருநாளும் மறைத்ததில்லை. ஆனால் அதற்கு முன்பே ஒஹையோவில் கறுப்பினப் பாடகர் பால் ரோப்சன் அவருடைய படிப்புக்காக ஒரு நிதிக் கச்சேரி நடத்தினார். கறுப்பின மாணவர்களுக்கென நிறுவப்பட்ட கல்லூரிதான் அவருக்கு முதலில் இடம் கொடுத்தது. ஜூலியார்டில் ஃப்ளோரன்ஸ் பேஜ் கிம்பால் என்ற ஆசிரியை அவர் குரலை வருடக்கணக்கில் பக்குவப்படுத்தினார். இத்தனை கைகள் இருந்தபோது, பணம் உள்ள ஒரு கையை மட்டும் எடுத்துக்கொண்டு 'அவர்கள் இல்லாவிட்டால்' என்று கேட்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கிராமபோனைக் கொடுத்த தாயைப் பற்றி அப்படி யாரும் கேட்பதில்லை.

உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். 1961 ஜனவரி 27. வெர்டியின் 'இல் ட்ரொவடோரே' ஓபராவில் பிரைஸ் நாயகி லியோனோராவாகப் பாடினார். அதே இரவில் இத்தாலிய டெனார் (உயர்ந்த ஆண்குரல்) பாடகர் ஃப்ராங்கோ கொரெல்லியும் மெட்டில் முதன்முறையாகப் பாடினார். மேடையேறிய முதல் கறுப்பினப் பாடகிக்குக் கிடைத்த வரவேற்பு என்று அதைக் கொண்டால் கணக்கு உதைக்கும். மரியன் ஆண்டர்சன் 1955 ஜனவரி 7 அன்றே அந்தத் தடையை உடைத்துவிட்டார். அப்போது அவருக்கு 57 வயது. அவர் குரலின் பொற்காலம் கடந்துவிட்டிருந்தது. அந்த அநீதியை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. அடுத்து ராபர்ட் மெக்ஃபெரின் வந்தார், அதே 1955இல், அதே ஜனவரி 27ஆம் தேதி. பிறகு மாட்டிவில்டா டாப்ஸ். பிறகு 1958இல் குளோரியா டேவி, அயிடாவாகவே. ஆக, 1961இல் மெட்டில் கறுப்பினப் பாடகி நிற்பது முதல்முறைச் செய்தி ஆகாது. அந்த இரவு அரங்கில் வரலாற்று உணர்வு இருந்திருக்கும். அதை நான் மறுக்கவில்லை. அந்த உணர்வே எல்லாவற்றையும் செய்தது என்றால், அதற்கு முன் வந்த நால்வருக்கும் இதே வரவேற்பு இருந்திருக்க வேண்டும். அந்த ஆண்டின் வானொலிப் பதிவு கிடைக்கிறது. கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

அந்த இரவுக்குப் பின்னால் ஒரு மறுப்பு இருக்கிறது. பிரைஸைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் அதில்தான் தொடங்குகிறது. 1958இல் மெட்டின் நிர்வாகி ருடால்ஃப் பிங் அவரை அயிடா பாட அழைத்தார். எந்த இளம் பாடகியும் ஓடிப்போய் ஒப்புக்கொண்டிருப்பார். பிரைஸ் வேண்டாம் என்றார். தொலைக்காட்சி ஓபராவில் அவரை அறிமுகப்படுத்திய பீட்டர் ஹெர்மன் அட்லர், மெட்டில் முதல்முறை நிற்கும்போது அடிமைப் பெண்ணாக நிற்கக் கூடாது என்று சொன்னதாக, அப்போது பிரைஸின் கணவராக இருந்த பாடகர் வில்லியம் வார்ஃபீல்ட் பின்னர் எழுதியிருக்கிறார். அயிடா பாத்திரத்தின் மேல் பிரைஸுக்கு வெறுப்பு ஏதுமில்லை. அதே 1958இல் இசைக்குழு நடத்துநர் கராயனின் அழைப்பில் வியன்னாவிலும், பிறகு லண்டனிலும், 1960இல் மிலானின் லா ஸ்காலாவிலும் அதைத்தான் பாடினார். தம் நாட்டின் பெரிய அரங்குக்குள் எந்த வாசலால் நுழைவது என்பதை மட்டும் அவரே முடிவு செய்தார். காத்திருந்ததற்குப் பலன் என்ன தெரியுமா? 1961இல் மெட்டில் அந்த ஒரே பருவத்தில் ஐந்து பாத்திரங்கள்: லியோனோரா, அயிடா, மேடம் பட்டர்ஃப்ளை, மொசார்ட்டின் டோனா அன்னா, 'துராந்தோ'வில் லியூ. இரண்டு மூன்று மாலைகளுக்கு வந்துபோகும் விருந்தினராக அன்றி, அரங்கின் தூண்களில் ஒருவராக அவர் உள்ளே வந்தார்.

அந்த ஆண்டே பெரிய அடியும் விழுந்தது. இலையுதிர் காலப் பருவத்தின் தொடக்க இரவு அவருக்குத் தரப்பட்டது. ஊதியத் தகராறில் பருவமே நடக்காது என்ற நிலை. அமெரிக்கத் தொழிலாளர் துறைச் செயலர் ஆர்தர் கோல்ட்பர்க் தலையிட்டுச் சரிசெய்த பிறகுதான் திரை உயர்ந்தது. புச்சினியின் 'லா ஃபான்சூல்லா டெல் வெஸ்ட்' ஓபராவில் மின்னி என்ற பாத்திரம். இசைக்குழுவின் மேல் குரலை மோதவைக்கும் முரட்டுப் பாத்திரம் அது. முதல் இரவு நல்லபடி போனது. இரண்டாம் முறை பாடும்போது நடுவிலேயே குரல் போய்விட்டது. அந்த அங்கத்தின் எஞ்சிய வரிகளைப் பேசியே முடித்தார். மூன்றாம் அங்கத்தைப் பாட டோரதி கிர்ஸ்டன் அழைக்கப்பட்டார். பிரைஸ் ஓய்வெடுத்தார். பின்னர் மின்னியைத் தம் பாத்திரங்களிலிருந்து நீக்கியேவிட்டார். அடுத்த கோடையில் ஸால்ஸ்பர்க்கில் கராயன் நடத்திய 'ட்ரொவடோரே'யைக் கேட்டால் குரலில் ஒரு கீறல்கூடத் தெரியாது. உடன் பாடியவர் அதே கொரெல்லி.

1966இல் லிங்கன் சென்டரில் மெட்டின் புதிய கட்டடம் திறக்கப்பட்டபோது இசையமைப்பாளர் சாமுவேல் பார்பர் அவருக்காகவே 'ஆன்டனி அண்ட் கிளியோபாட்ரா' எழுதினார். இயக்குநர் ஸெஃபிரெல்லியின் மேடை அமைப்பு பளு தாங்காமல் சுழல்மேடை பழுதானது. ஒத்திகையில் பிரைஸ் ஒரு பிரமிடுக்குள் மாட்டிக்கொண்டார். விமர்சகர்கள் அந்த ஓபராவைக் கிழித்தார்கள், பார்பர் நொறுங்கிப்போனார். பிரைஸ் அவரைக் கைவிடவில்லை. கிளியோபாட்ராவின் பகுதிகளைக் கச்சேரிகளில் தொடர்ந்து பாடினார், இசைத்தட்டாகவும் வெளியிட்டார். எழுபதுகளில் ஓபராவைக் குறைத்துக்கொண்டு தனிக் கச்சேரிகளுக்குத் திரும்பினார். ஜெர்மன், பிரெஞ்சு, அமெரிக்கப் பாடல்கள், இறுதியில் லாரலில் கேட்டு வளர்ந்த ஆன்மிகப் பாடல்கள்.

குறைகள் இல்லையா? உண்டு. அவர் நல்ல நடிகை என்று நான் சொல்ல மாட்டேன். பிற்காலத்தில் கீழ்ஸ்தாயி கரகரத்தது, சுரங்களுக்குச் சறுக்கிப் போகும் பழக்கமும் கூடியது. 1985 ஜனவரி 3 அன்று மெட்டில் கடைசி அயிடாவைத் தொலைக்காட்சி நேரலையில் பாடியபோது, 58 வயதை நெருங்கிக்கொண்டிருந்த அந்தக் குரலில் இவையெல்லாம் கேட்கும். ஆனால் 'ஓ பாத்ரியா மீயா'வின் அந்த உச்சியும் இருக்கிறது. பாடல் முடிந்ததும் கைத்தட்டல் நிற்கவில்லை. அவர் பாத்திரத்தை விட்டு வெளியே வராமல் நிற்க முயல்கிறார், முகம் கட்டுக்குள் அடங்கவில்லை. குரல் தேய்ந்து ரசிகர்கள் பொறுத்துக்கொள்ளும்வரை காத்திருக்காமல் ஓபராவை விட்டார். கச்சேரிகளை 1997 வரை தொடர்ந்தார்.

எங்கிருந்து தொடங்குவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஓபரா வேண்டாம். பார்பரின் 'ஹெர்மிட் சாங்ஸ்' தொகுப்பில் தொடங்குங்கள். இடைக்கால ஐரிஷ் துறவிகளின் சிறு கவிதைகள், மொத்தம் பத்துப் பாடல்கள். 1953இல் அவற்றை முதலில் பாடியவர் பிரைஸ்தான். பார்பரே பியானோ வாசிக்கும் பதிவும் இருக்கிறது. இசைக்குழு இல்லை, உரத்த உச்சிகளும் குறைவு, சொற்கள் தெளிவாகக் கேட்கும். அதில் காது பழகிய பிறகு 1962 ஸால்ஸ்பர்க் பதிவுக்குப் போங்கள். அப்போதும் அலறலாகவே பட்டால் மறுபடி எழுதுங்கள், பேசுவோம்.