கை கழுவச் சொன்னால் முறைக்கிறார்கள்!

கேள்வி: குன்னூரில் நானும் கணவரும் சிறிய ஓட்டல் நடத்துகிறோம். ஆறு பேர் வேலை செய்கிறார்கள். கை கழுவச் சொன்னால் வாளியில் விரலை முக்கிவிட்டுத் தோள் துண்டில் துடைத்துக்கொள்கிறார்கள். கேட்டால், "தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கிறது அக்கா" என்று முறைக்கிறார்கள். எழுதி ஒட்டியும் பலனில்லை. கையுறை வாங்கிக் கொடுக்கலாமா? கேமரா வைக்கலாமா?
- ஒரு வாசகி, குன்னூர்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் ஆட்கள் பொய் சொல்லவில்லை. ஊட்டிப் பக்கம் உறைபனி விழும் மாதங்களில், விடிகாலைக் குழாய்த் தண்ணீரில் 20 நொடி நீங்களே கை தேய்த்துப் பாருங்கள், விரல் மரத்துப்போகும். அழுக்கையும் கிருமியையும் எடுப்பது சோப்பும் தேய்ப்பும்தான். கை தாங்கும் சூட்டில் கிருமி சாகாது. ஆனாலும் வெந்நீர் கொடுங்கள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால்தான் ஆள் குழாயடியில் நிற்பார்.

இதற்காக கீசர் வாங்க வேண்டாம். டீ பாய்லர் காலையிலிருந்து கொதித்துக்கொண்டுதானே இருக்கிறது? அடியில் குழாய் வைத்த ஒரு டிரம்மில் அந்த வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து ஊற்றி, பரோட்டாக் கல்லுக்கு இரண்டு எட்டில் வையுங்கள். பின்கட்டில் கழிப்பறைப் பக்கம் ஒரு குழாய் இருக்கிறது என்பது கணக்கில் வராது. கூட்ட நேரத்தில் கல்லை விட்டுவிட்டு எந்த மாஸ்டரும் அங்கே போகமாட்டார். வாளியை இன்றே எடுத்துவிடுங்கள். முதல் ஆள் கையை முக்கியதுமே அது கழுவிய தண்ணீர். அடுத்தவர் அதில்தான் கை நனைக்கிறார். தேய்க்கும்போது கட்டைவிரலும் விரல் நுனியும்தான் விட்டுப்போகும். மாஸ்டரின் நகக்கண்ணில் நேற்றைய மைதா இருக்கிறதா என்று பாருங்கள், தெரிந்துவிடும்.

அந்தத் தோள் துண்டு இருக்கிறதே, அதுதான் பெரிய தொல்லை. வியர்வை துடைப்பது, மேஜை துடைப்பது, சூடான பாத்திரத்தை இறக்குவது எல்லாம் அதில்தான். மலைக்குளிரில் மூக்கு ஒழுகினால் அதற்கும் அதுவே. சோப்புப் போட்டுக் கழுவிய கையை அதில் துடைத்தால் கழுவியது வீண். துடைக்காமலும் விடக்கூடாது, உலர்ந்த கையைவிட ஈரக் கையில்தான் கிருமி எளிதாகத் தொற்றிக்கொண்டு போகும். பழைய வேட்டியைக் கைக்குட்டை அளவில் கிழித்து அடுக்கி வையுங்கள். ஒரு துணி ஒரு தடவைக்குத்தான். இரவில் மொத்தமாகத் துவைத்துக் கொதிக்கவைத்து, அடுப்புப் பக்கம் காயப்போடுங்கள். மழை மாதத்தில் வெளியே எங்கே காயப்போகிறது!

நீங்கள் எழுதாத ஒன்று உண்டு. குளிரில் அடிக்கடி சோப்புப் படும் கை வெடிக்கும். வெடிப்பு எரிந்தால் ஆள் சோப்புப் பக்கமே போகமாட்டார். அவர் மேல் குற்றமில்லை. மூக்கிலும் புண்ணிலும் இருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமிக்கு அந்த வெடிப்பு வசதியான இடம். சமைத்த பிறகு கைபட்ட உணவு வெதுவெதுப்பிலேயே கிடந்தால் அது பெருகி நஞ்சு கக்கும்; மறுபடி கொதிக்கவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. ஆகவே படுக்கப் போகும்போது கையில் தடவிக்கொள்ள எண்ணெய் கொடுங்கள். (தேங்காய் எண்ணெய் உறைந்துதான் கிடக்கும், பாய்லர் பக்கத்தில் வைத்தால் உருகிவிடும்.) வெட்டுக்காயம் பட்டவருக்கு மட்டும் பிளாஸ்திரி ஒட்டி, அதன் மேல் கையுறை போடச் சொல்லுங்கள்.

மற்றவர்களுக்குக் கையுறை வேண்டாம். அதைப் போட்டுக்கொண்டே மூக்கைச் சொறிவார்கள், காசு வாங்குவார்கள்; கை சுத்தமாக இருக்கிறது என்ற நினைப்பும் சேர்ந்துகொள்ளும். சானிடைசரும் சோப்புக்கு மாற்றாகாது. வாந்தியும் பேதியும் வரவைக்கும் நோரோவைரஸ் அதற்குச் சரியாக மசியாது. கேமராவைக் கல்லாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கல்லாவில் இருப்பவர் நீங்கள்தான் என்றால், சில்லறை எண்ணிய கையோடு வடை எடுத்துக் கொடுக்காதீர்கள். நீங்கள் ஒட்டிய காகிதத்தைவிட அதைத்தான் ஆறு பேரும் கவனிக்கிறார்கள்.

உணவுப் பாதுகாப்பு விதிப்படி ஆண்டுக்கொரு முறை மருத்துவப் பரிசோதனையும், டைபாய்டு தடுப்பூசியும் அவர்களுக்கு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். வயிற்றுப்போக்கு, வாந்தி என்று யாராவது சொன்னால், நின்ற பிறகும் இரண்டு நாள் சமையலறைக்குள் விடக்கூடாது. அந்த நாட்களுக்குச் சம்பளத்தைப் பிடித்தால் அடுத்த முறை சொல்லமாட்டார், வயிற்றைப் பிடித்துக்கொண்டே மாவு பிசைவார். சீசன் கூட்டமாக இருந்தாலும் சம்பளத்தைக் கொடுத்து அறைக்கு அனுப்பிவிடுங்கள்.