விண்டோஸ் 11-க்கு மாறியதும் காணாமல் போன 30 ஜிபி

வணக்கம் நண்பரே. 256 ஜிபி டிஸ்க்கில் 238தான் தெரிகிறது, விண்டோஸ் 11-க்கு மாறிய மறுநாளே அதிலும் 30 ஜிபி குறைந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள்.

முதலாவது கோளாறே இல்லை. கேபி, எம்பி, ஜிபி என்று ஒவ்வொரு படி ஏறும்போதும் டிஸ்க் தயாரிப்பவர்கள் 1000-ஆல் கணக்குப் போடுகிறார்கள், விண்டோஸ் 1024-ஆல் போடுகிறது. அந்த 18 ஜிபியைத் தேட வேண்டாம்.

அந்த 30 ஜிபி, பெரும்பாலும் 'விண்டோஸ்.ஓல்ட்' ஃபோல்டரில் இருக்கும் உங்கள் பழைய விண்டோஸ்தான். செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போய் 'ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்' வரியை டிக் செய்து நீக்குங்கள். அதே பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒரு வரி இருக்கும். அதில் டிக் இருந்தால் கட்டாயம் எடுத்துவிடுங்கள். என் தங்கையின் சான்றிதழ் ஸ்கேன்கள் அப்படித்தான் போயின.

நீக்கினால் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது. பிரிண்டர், வைஃபை எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் செய்யுங்கள்.