அறுக்கும் முன் ஒரு கேள்வி

பயோடெர்மா கேங்க்ரினோசம் என்னும் அரிய தோல் அழற்சி பற்றிய கேள்விகளுக்குப் பாளையங்கோட்டைத் தோல் மருத்துவரின் பதில்கள்.

ஆலங்குளம்: ஐயா, என் மதினிக்கு சிசேரியன் தையல் பிரிந்து புண்ணாகிவிட்டது. காய்ச்சலும் இருக்கிறது. இருமுறை சுரண்டிச் சுத்தம் செய்தும் பெரிதாகிறது. ஆன்டிபயாட்டிக்கும் கேட்கவில்லை.

விளிம்பைப் பாருங்கள். ஊதா நிறத்தில், உள்ளே குடைந்து போயிருக்கிறதா? தொட முடியாத வலியா? கிருமிச் சோதனையில் எதுவும் வளரவில்லையா? அப்படியானால் இந்த நோயைச் சந்தேகித்தே ஆக வேண்டும். பெரும்பாலும் இது காலில் வரும். வயிற்றுத் தையலில் வந்தால் சீழ்ப்பிடிப்பு என்றே எண்ணிவிடுகிறார்கள்; காய்ச்சலும் வெள்ளணு ஏற்றமும் இதிலும் உண்டு. சிலருக்குக் காயம் பட்ட இடத்திலெல்லாம் அழற்சி மூண்டு, சுரண்டச் சுரண்டப் புண் பெருகும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரிய ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு இருக்கிறது. இன்றே கூட்டிச் செல்லுங்கள்.

அம்பாசமுத்திரம்: புறங்கையில் நீலம் பாரித்த கொப்புளம். இதுவும் அதுவா?

இருக்கலாம். கொப்புள வகை கையிலும் முகத்திலும் வரும். இரத்தப் புற்றுநோயோடு சேர்ந்தும் வருவதுண்டு. களிம்பு பூசிக் காத்திராமல் இரத்த அணுக்களைப் பரிசோதியுங்கள்.

திசையன்விளை: தொற்றுமா?

தொற்றாது.

களக்காடு: அண்ணாச்சி, வீணாகப் பயமுறுத்துகிறீர்கள். சுரண்டியதால்தான் எங்கள் அப்பாவின் சர்க்கரைப் புண் ஆறி, கால் தப்பியது.

அப்பாவுக்குச் செய்தது மிகச் சரி. அழுகிய சதையை எடுக்கத்தான் வேண்டும். சதையை அரிக்கும் கிருமித் தொற்றில் சில மணி நேரத் தாமதம்கூட உயிரைப் பறிக்கும். எது என்று பார்க்காமல் அறுப்பதைத்தான் எதிர்க்கிறேன். பயோடெர்மாவை உறுதிசெய்யத் தனியொரு சோதனை கிடையாது. விளிம்பில் சிறு துண்டு எடுத்து, காசநோய், பூஞ்சை, புற்று ஆகியவை இல்லையென்று பார்க்க வேண்டும்.

களக்காடு: துண்டு எடுப்பதும் கத்திதானே?

கத்திதான். அதனால் புண் சற்றுப் பெரிதாகலாம். எடுக்காமல், பயோடெர்மாவுக்குத் தரும் ஸ்டீராய்டைக் காசநோய்ப் புண்ணுக்குக் கொடுத்தால் நோய் உடலெங்கும் பரவலாம். புண் சற்றுப் பெரிதானால் சமாளிக்க மருந்து இருக்கிறது.

வள்ளியூர்: காலில் ஆறாத புண். சுரண்டலாமா?

ஆலங்குளத்துக்கும் களக்காட்டுக்கும் எழுதியதைப் படியுங்கள். காரணம் தெரியாமல் சுரண்ட விடாதீர்கள்.

கடையநல்லூர்: காலில் இந்தப் புண்தான் என்றார்கள். மலத்தில் இரத்தமும் போகிறது. தொடர்பு உண்டா?

உண்டு. ஏறக்குறைய பாதிப் பேருக்குக் குடல் அழற்சி, மூட்டு அழற்சி அல்லது இரத்த நோய் உடனிருக்கும். குடல் மருத்துவரையும் பாருங்கள். பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு அல்லது உடலின் எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் சைக்ளோஸ்போரின் தருவார்கள். சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கவனிக்க வேண்டும். மருந்துக்கடையில் நீங்களாக ஸ்டீராய்டு வாங்காதீர்கள், தொடங்கியதைத் திடீரென நிறுத்தவும் செய்யாதீர்கள்.