மூலை மனையில் ஆறடி வேலி
மூலை மனையைச் சுற்றிலும் ஆறடி வேலி போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பின்பக்கத்துக்கு அனுமதிக்கும் உயரத்தைத் தெருப்பக்கத்துக்குப் பல ஊர்களில் விடமாட்டார்கள். மூலையில் கண்டிப்பு இன்னும் அதிகம். திரும்பும் வண்டிக்கு எதிரே வருவது தெரிய வேண்டும். உயிர் சம்பந்தப்பட்டது, அங்கே சலுகை கேட்காதீர்கள்.

உயரத்தை எந்தத் தரைமட்டத்திலிருந்து அளப்பார்கள் என்று உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மண் கொட்டி மேடாக்கியிருந்தால் சில இடங்களில் பழைய மட்டம்தான் கணக்கு.

பழைய வேலியை எல்லையாக நம்பாமல் சர்வேயரை வைத்து எல்லைக்கல்லைப் பாருங்கள். தூண் உங்கள் பக்கம் நின்றாலும் அடியில் கான்கிரீட் அண்டை மனைக்குள் போய்விடலாம். குழியின் விட்டம் 30 செ.மீ. என்றால், தூணின் மையம் எல்லைக்கோட்டிலிருந்து 20 செ.மீ. உள்ளே இருக்கட்டும். குழாய், மின்கம்பி போகும் பாதையையும் தோண்டும் முன்பே விசாரித்துவிடுங்கள்.