மணல் திரும்பிய கரைக்கு மறுபடி போகலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எண்பதுகளின் தொடக்கத்தில், நான் பள்ளியில் படித்த காலத்தில், கோடை விடுமுறைக்கு அப்பா எங்களைப் பாண்டிச்சேரிக்கு அழைத்துப் போவார். காந்தி சிலைப் பக்கம் மணலில் இறங்கி ஓடியது இன்னும் நினைவிருக்கிறது. கல்யாணமாகிப் பல வருடம் கழித்து என் மகளோடு போனபோது மணலே இல்லை, கருங்கல் குவியல்தான். "இதையாம்மா பீச்னு சொன்னே?" என்றாள். பிறகு போக மனம் வரவில்லை. இப்போது தலைமைச் செயலகத்துக்கு எதிரே மறுபடி மணல் சேர்ந்திருக்கிறது என்கிறார்கள். ஐந்து வயதுப் பேரனைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று மகளே கூப்பிடுகிறாள். என் கணவரோ, "பிடித்த ஊருக்குத் திரும்பப் போகக் கூடாது, இருக்கிற நினைவும் கெட்டுப்போகும்" என்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எஸ்., சேலம்

அன்புள்ள எஸ்.,

போங்கள். பேரனோடு போங்கள். உங்கள் கணவர் சொல்வதைப் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் சம்மதமில்லை. காரணத்தைச் சொல்வதற்கு முன் அந்த மணல் எங்கே போனது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இரண்டும் ஒரே விஷயம்தான்.

சோழமண்டலக் கரையில் மணல் ஓரிடத்தில் கிடப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் அலைகள் தெற்கிலிருந்து சாய்வாக வந்து கரையில் மோதும். ஒவ்வொரு மோதலிலும் மணல் கொஞ்சம் வடக்கே நகரும். வாடை வீசும் மாதங்களில் திசை மாறித் தெற்கே நகரும். ஆனால் வடக்கே போவதுதான் அதிகம். ஆண்டுக்கு லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் இப்படிக் கரையோரமாகவே பயணம் செய்கிறது. நீங்கள் ஓடி விளையாடியது, அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்த மணலில். போனதற்கு ஈடாகத் தெற்கிலிருந்து வந்துகொண்டே இருந்ததால் கரை அப்படியே இருந்ததுபோலத் தெரிந்தது.

எண்பதுகளின் பிற்பாதியில் நகரத்துக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில், துறைமுகத்துக்காக இரண்டு அலைதடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீட்டப்பட்டன. 1989இல் அந்த வேலை முடிந்தது. தெற்கிலிருந்து வந்த மணல் சுவரைத் தாண்ட முடியாமல் அங்கேயே தங்கிவிட்டது. வடக்கே, கடற்கரைச் சாலைக்கு முன்னால் இருந்ததை அலை வழக்கம்போல எடுத்துக்கொண்டு போனது. ஈடாக எதுவும் வரவில்லை. தேங்கும் மணலை வாரி வடக்கே கொட்ட வேண்டும் என்பது திட்டத்திலேயே இருந்தது. அது ஒழுங்காக நடக்கவில்லை. சாலையைக் காப்பாற்றக் கல் கொட்டினார்கள். உங்கள் மகள் பார்த்தது அந்தக் கல்லைத்தான்.

கல் சாலையைக் காக்கும், மணலைக் காக்காது. சுவரில் மோதித் திரும்பும் அலை அடிமணலையும் அரித்துவிடும். ஓரிடத்தில் கல் கொட்டினால் அதற்கு வடக்கே இருக்கும் ஊரில் அரிப்பு தொடங்கும். அப்படித்தான் குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று நகர்ந்து, மாநில எல்லையைத் தாண்டித் தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் வரை போய்விட்டது. துறைமுகம் புதுச்சேரியுடையது, இடிந்த வீடுகள் தமிழ்நாட்டினுடையவை. யாரிடம் போய்க் கேட்பது என்பதே அந்த மீனவர்களுக்குப் பெரிய அலைச்சல். நமக்கு மணல் ஒரு விடுமுறை மகிழ்ச்சி. அவர்களுக்குப் படகை ஏற்றி வைக்க, வலை உலர்த்த, மீன் காயவைக்க, எல்லாவற்றுக்கும் அதுதான் இடம். கரைவலை இழுப்பதற்கு நீளமான மணல்கரை வேண்டும். கரை போனால் அந்தத் தொழிலும் போய்விடும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். தொண்ணூறுகளுக்குப் பிறகு முதல்முறையாகப் பாண்டிச்சேரி பார்த்தவர்கள், அந்த ஊரின் கடற்கரையே கல்லால் ஆனது என்று நினைத்துக்கொண்டார்கள். கல்மேல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டு சந்தோஷமாகத் திரும்பினார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. இல்லாமல் போனதை அறிய, முன்பு இருந்ததைப் பார்த்திருக்க வேண்டும். அதாவது உங்களைப் போல ஒருவர் திரும்பி வர வேண்டும். பிடித்த ஊருக்குத் திரும்பாதே என்ற அறிவுரையைப் பழையது தெரிந்த எல்லோரும் கேட்டு நடந்தால், இங்கே மணல் இருந்தது என்று சொல்ல வெளியூர்க்காரர் ஒருவரும் மிஞ்ச மாட்டார். உங்கள் மகளிடம் நீங்கள் சொன்னீர்கள், அவர் நம்பவில்லை. இன்று அவரே கூப்பிடுகிறார். எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது.

மணல் திரும்பியது உண்மைதான். சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தினர், தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் ஆப்பு வடிவிலான எஃகுத் திட்டு ஒன்றை 2018 வாக்கில் இறக்கினார்கள். அலை அதன்மேல் உடைந்து வேகம் குறைந்து வருவதால் மணல் தங்குகிறது. துறைமுகத்தில் தூர்வாரிய மணலையும் கொண்டுவந்து கொட்டினார்கள். ஆகவே இதைத் தானாக ஆறிய காயமாக நினைக்க வேண்டாம். கவனித்துக்கொண்டே இருந்தால்தான் இது நிற்கும். வடக்கே மீனவ ஊர்களில் தூண்டில் வளைவுகள், அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் சுவர்கள், கட்டியிருக்கிறார்கள். இரண்டு வளைவுகளுக்கு நடுவே கொஞ்சம் மணல் பிடிக்கும், ஆனால் அதற்கு அப்பால் மறுபடி அரிப்புதான்.

கடற்கரைச் சாலையோடு நின்றுவிடாமல் ஒரு காலை நேரத்தில் துறைமுகத்துக்குத் தெற்கே உள்ள கரையைப் பாருங்கள். அங்கே மணல் அகலமாகப் பரந்து கிடக்கும். அதைப் பார்த்துவிட்டு வடக்கே வைத்திக்குப்பம் போனால், நான் மேலே எழுதியது முழுவதும் ஒரே காலையில் கண்ணெதிரே விளங்கிவிடும். ஐந்து வயதுக் குழந்தைக்கும் விளங்கும். நீங்கள் பார்த்த கடல்பாலத்தைத் தேடாதீர்கள், 2022 மார்ச்சில் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்துவிட்டது. அதற்கும் முந்தைய பிரெஞ்சுக்காலப் பாலம் 1952 புயலில் போனது.

வீட்டில் அப்பா எடுத்த படம் ஏதாவது இருந்தால், அதைக் கையில் வைத்துக்கொண்டு அதே இடத்தில் நின்று ஒரு படம் எடுங்கள். காந்தி சிலையும் பழைய கலங்கரை விளக்கமும் நகராதவை. அவற்றை வைத்து அன்றைய கரை எவ்வளவு அகலம் என்று ஓரளவு கணக்கிட முடியும். படத்தின் பின்னால் வருடத்தை எழுதி, கரையோர மாற்றத்தைப் பதிவு செய்பவர்களுக்கு ஒரு பிரதி கொடுங்கள். குடும்பப் படங்கள் இந்த வேலைக்கு நிஜமாகவே உதவுகின்றன.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். மணல் இருக்கிறதே என்று பேரனைத் தண்ணீரில் இறக்கிவிடாதீர்கள். அங்கே அடியில் கற்கள் உண்டு, இழுப்பும் உண்டு, உயிர்கள் போயிருக்கின்றன. மணலில் விளையாடட்டும், கணுக்கால் நனையட்டும், அது போதும். ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். தை, மாசியில் கடல் அமைதியாக இருக்கும், வெயிலும் தாங்கும். பள்ளி விடுமுறை கோடையில்தான் என்றால் விடியற்காலையிலேயே மணலுக்குப் போய்விடுங்கள். காலை ஏழரை வரை கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை, பையன் பயமில்லாமல் ஓடலாம்.