உளவியலில் என்னென்ன பிரிவுகள் இருக்கின்றன? எதைப் படித்தால் என்ன வேலைக்குப் போகலாம்?

இளங்கலை உளவியல் சேரப்போவதாகவும் எந்தப் பிரிவை எடுப்பது என்று குழப்பமாக இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நான் நரம்பு உளவியலில் பரிசோதனைகள் செய்யும் வேலையில் இருக்கிறேன். என்னைக் கேட்டால், பிரிவின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்த வேலையில் இருப்பவர் காலையிலிருந்து மாலைவரை என்ன செய்கிறார் என்று விசாரித்து முடிவு செய்யுங்கள்.

உளவியல் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது மருத்துவ உளவியல். மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் பெரும்பாலான நாடுகளில் மருந்து எழுதுவதில்லை. பரிசோதித்து மதிப்பிடுவதும் பேச்சுவழிச் சிகிச்சை தருவதும்தான் அவர் வேலை. மனச்சோர்வு, தீவிரப் பதற்றம், ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வந்து வாட்டும் எண்ணச் சுழற்சி நோய் (OCD) என்று வருபவர்களோடு வாரம் தவறாமல் உட்கார வேண்டும். முன்னேற்றம் மெதுவாகத்தான் தெரியும். அதற்குப் பொறுமை இருந்தால் மிக நிறைவான வேலை. ஆலோசனை உளவியல் இதற்குப் பக்கத்து வீடு. அங்கே குடும்பச் சிக்கல், இழப்பு, படிப்பு, வேலைக் குழப்பம் போன்றவையே அதிகம்.

என் பிரிவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பக்கவாதம், தலைக்காயம், மறதிநோய் என்று வருபவர்களிடம் நினைவாற்றல், கவனம், திட்டமிடும் திறன் எல்லாம் எந்த அளவில் இருக்கின்றன என்று பார்ப்போம். ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து என்று நேரம் காட்டச் சொல்வது மிகப் பழைய சோதனை. பெரிய முள் 2-இல் நிற்க வேண்டும். சிலர் 'பத்து' என்று காதில் விழுந்ததுமே முள்ளை 10-இல் வைத்துவிடுவார்கள். எண்கள் தெரியும், கை நன்றாக வரைகிறது. ஆனால் முதலில் தோன்றியதை அடக்கி யோசிக்கும் திறன் தளர்ந்திருக்கலாம். இதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர மாட்டோம். மணிக்கணக்கில் பல சோதனைகள் செய்து, மதிப்பெண் போட்டு, அறிக்கை எழுதுவோம். அறிக்கை எழுதுவதிலேயே பாதி நாள் போய்விடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பலருக்குத் தெரியாத, எனக்கு மிகவும் பிடித்த இன்னொரு பிரிவு மனிதக் காரணிகள் உளவியல். இரண்டாம் உலகப் போரின்போது பி-17 என்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களைப் பத்திரமாகத் தரையிறக்கிய விமானிகள் சிலர், இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் மடிப்புகளை (flaps) மடக்குவதற்குப் பதிலாகச் சக்கரங்களை மடக்கிவிட்டார்கள். விமானம் வயிற்றோடு தரையில் அமர்ந்துவிடும். அல்போன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் விமானி அறையைப் பார்த்தார். இரண்டு கட்டுப்பாடுகளும் ஒரே மாதிரி, பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. சக்கரத்துக்கான பிடியைச் சக்கர வடிவிலும், இறக்கை மடிப்புக்கானதை ஆப்பு வடிவிலும் மாற்றச் சொன்னார். தொட்டாலே எது எதுவென்று தெரிந்துவிடும். இன்றைய விமானங்களிலும் அந்தப் பிடி சக்கர வடிவில்தான் இருக்கிறது. 'விமானியின் கவனக்குறைவு' என்று எழுதி மூடியிருக்க வேண்டிய விஷயத்தை வடிவமைப்பின் தவறு என்று கண்டுபிடித்தது உளவியல்! இந்தப் பக்கம் வந்தால் மென்பொருள் நிறுவனங்களில் பயனர் ஆய்வு, வாகன வடிவமைப்பு, மருத்துவக் கருவிகளின் பாதுகாப்பு என்று வேலைகள் உண்டு.

நிறுவன உளவியல் படித்தால் ஆள்தேர்வு, பயிற்சி, மனிதவளத் துறை. வளர்ச்சி உளவியலும் பள்ளி உளவியலும் குழந்தைகளோடு வேலை செய்ய விரும்புபவர்களுக்கு. சமூக உளவியலில் ஆராய்ச்சி, பொதுமக்கள் கருத்தாய்வு போன்ற வேலைகள். தடயவியல் உளவியல் என்றால் பலரும் கொலைகாரனைத் துரத்துவதாக நினைக்கிறார்கள். நிஜத்தில், குற்றம் சாட்டப்பட்டவர் விசாரணையைப் புரிந்துகொள்ளும் மனநிலையில் இருக்கிறாரா என்று மதிப்பிடுவதும் சிறைக் கைதிகளோடு பணியாற்றுவதும்தான் அதில் அதிகம்.

அப்புறம் புள்ளியியல். கணக்குக்குப் பயந்து உளவியலுக்கு வருபவர்கள் நிறைய. வில்ஹெல்ம் வுண்ட் என்ற உளவியலாளர் 1879-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உளவியல் ஆய்வகம் தொடங்கிய காலத்திலிருந்தே இது அளந்து பார்க்கும் துறை. எந்தப் பிரிவுக்குப் போனாலும் புள்ளியியல் கூடவே வரும். முதல் வருடத்திலேயே ஒழுங்காகப் படித்துவிடுங்கள்.

இளங்கலையிலேயே பிரிவை முடிவு செய்யத் தேவையில்லை. முதுகலைக்குச் சேரும் முன் மட்டும் ஒன்றை உறுதி செய்யுங்கள்: நோயாளிகளைப் பார்க்கும் வேலைக்குப் பல நாடுகளில் உரிமமும் மேற்பார்வையில் பயிற்சியும் கட்டாயம். எல்லா முதுகலைப் பட்டமும் அந்த உரிமத்துக்குச் செல்லாது. நீங்கள் சேரும் படிப்பு செல்லுமா என்று உரிமம் வழங்கும் அமைப்பிடமே கேளுங்கள், கல்லூரி விளம்பரத்தை நம்ப வேண்டாம்.